ரிப்போர்ட் நார்மல், பயம் மட்டும் அப்படியே

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் ஈசிஜி எடுப்பது என் வேலை. எம்.சி. ரோட்டுக்குக் கல்யாணத் துணி எடுக்க வந்து கூட்டத்தில் தலை சுற்றிப் போனவர்கள், மகன் தோளைப் பிடித்தபடி மூலக்கொத்தளத்திலிருந்து வரும் பெரியவர்கள், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வரும் பையன்கள் என்று நாள் முழுக்க ஆள் இருக்கும். கைகால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் ஆறு பல்பு, கொஞ்சம் ஜெல்லி, "பேசாதீங்க, ஆடாதீங்க" என்று ஒரு அதட்டல். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். அதில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு துடிப்புக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஓரளவு புரிந்துவிடும். சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

இப்படிப்பட்ட எனக்குத்தான் மாரடைப்பு வந்து செத்துப்போய்விடுவேன் என்ற பயம் வந்தது. வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) என்கிற மனநல சிகிச்சையை எடுத்துப் பார் என்று ஒரு டாக்டர் சொல்லி, எடுக்கலாமா வேண்டாமா என்று பல மாதம் இழுத்தடித்து, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த இழுபறியைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஏதாவது உதவினால் சரி.

நைனா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசிமேட்டு வீட்டில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து, நான் வேலைக்குத் திரும்பி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில் மெட்ரோவில் அது வந்தது. நான் ஏறுவது காலடிப்பேட்டையில். புதுவண்ணாரப்பேட்டை வரைக்கும் ரயில் மேலே ஓடும், அதைத் தாண்டியதும் மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்கிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. நைனாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. அதோடு கால் துவண்டுவிட்டது. தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு செக்யூரிட்டி அக்கா தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிட்டது.

அப்புறம் எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ரத்த அளவு, 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொண்டு திரியும் ஹோல்டர். எல்லாம் நார்மல். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாக நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமானாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். "எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை.

ஆனால் உடம்பைப் பார்த்து முடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேஷன்ட் இல்லாதபோது நானே படுத்துக்கொள்வேன், கூட வேலை செய்கிற பெண் பட்டனை அழுத்துவாள். ஒரு நாள் படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதே எடுக்க வாய்ப்புக் கிடைத்தது. காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துடிப்பு நிமிடத்துக்கு 120-க்குக் கிட்டத்தட்ட. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒழுங்காக ஒரு பி அலை, இடைவெளி எல்லாம் சீராக, எஸ்டி பகுதி கோடு போட்ட மாதிரி. வேகமாக ஓடுகிற நல்ல இதயம், அவ்வளவுதான். வேறு யாருடையதாவது இருந்தால் "ஒன்னும் இல்லக்கா, எழுந்திருங்க" என்று ஜெல்லியைத் துடைக்கப் பஞ்சு கொடுத்திருப்பேன். எனக்கு அந்த நிம்மதி தெருமுனை டீக்கடை வரைக்கும்தான் தாங்கியது. அங்கே நின்றபோது தோன்றியது: மெஷின் காட்டியது பத்து நொடி. ஒரு நாளில் மிச்சம் 86,390 நொடி இருக்கிறதே, அதில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஹோல்டர் அதையும் பார்த்துவிட்டதே என்று பதில் சொல்லிக்கொண்டால், அது போன மாசம், இது இந்த மாசம் என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

எங்கள் சென்டருக்கு வரும் இதய மருத்துவர் கடைசியாகச் சொன்னார்: "உனக்கு நான் தேவையில்லைமா. மனநல டாக்டரைப் பாரு." எங்கள் பக்கம் யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பார்கள். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அந்த மனநல ஆஸ்பத்திரியின் வேர் 1794 வரைக்கும் போகிறது. இத்தனை காலமாக மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஊரில் இன்னும் அது வசவாகவே இருக்கிறது. நான் போனது வேறொரு அரசு மருத்துவமனை. அங்கே டாக்டர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, இது பேனிக் டிசார்டர், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் வந்து தாக்கும் நோய் என்றார். மாத்திரை எடுக்கலாம், சிபிடி எடுக்கலாம், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

சிபிடி என்றால் என்ன சார் என்றேன். வரிசை நீளமாக இருந்ததால் அவர் ஒரே வரியில் முடித்தார்: "உங்க எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கான்னு பார்க்கக் கத்துக் கொடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆதாரத்தைத் தினமும் பிரிண்ட் எடுத்துக் கிழித்துக் கொடுப்பவள் நான். என்னுடைய ஆதாரமே ஒரு துணிப்பை நிறைய இருக்கிறது. அதைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் போய்ப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? அந்த எண்ணத்தில்தான் சில மாதங்கள் ஓடின. நடுவில் அத்தை என்னைக் குணங்குடியார் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார். அதில் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். கூட வேலை செய்கிற பெண் தன் அம்மா போடும் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையில் பாதி தருகிறேன் என்றாள். அதை மட்டும் வாங்கவில்லை. பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு, பேனிக்குக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது, நாளடைவில் பலன் குறைவு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பேனிக்குக்கு அது சொல்வது சிபிடியும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகளும். அந்த மாத்திரைகள் வேறு, இது வேறு. மெடிக்கல் ஷாப்பில் எல்லாவற்றையும் "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, இந்த சிபிடியை யார்தான் கொண்டுவந்தது என்று இரவில் மகன் தூங்கிய பிறகு போனில் படிக்க ஆரம்பித்தேன். ஆரன் பெக் என்று ஓர் அமெரிக்க மனநல மருத்துவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 2021-ல் தன் 100-வது வயதில் இறந்தார். ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர் அவர். மனச்சோர்வு என்பது தனக்குள்ளேயே திரும்பிய கோபம் என்பது அந்த வழியின் கொள்கை. அதை நிரூபிக்கலாம் என்று நோயாளிகளின் கனவுகளை எடுத்து ஆராய்ந்தால், கணக்கு வேறு மாதிரி வந்திருக்கிறது. நோயாளிகளின் மனதில் "நான் தோற்றவன், எனக்கு எதுவும் சரிவராது" என்கிற மாதிரி சின்னச் சின்ன எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்து, 1960-களில் அந்த எண்ணங்களோடு நேராக வேலை செய்யும் முறையை உருவாக்கினார். தன் கொள்கையைச் சோதித்துப் பார்த்து, அது தேறாதபோது கொள்கையை மாற்றிக்கொண்டவர் என்பது லேபில் வேலை பார்ப்பவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கே சின்ன வயதில் கை உடைந்து, சீழ் பிடித்து, ஆபரேஷன் நடந்து, அப்புறம் ரத்தம், காயம் என்றாலே பயமாம். மருத்துவம் படிக்கும்போது தன்னைத்தானே அதில் நிற்க வைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

என் விஷயம் இருந்தது டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986-ல் எழுதிய கட்டுரையில். பேனிக் எப்படிச் சுழல்கிறது என்று அதில் சொல்கிறார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம்: மாடி ஏறியதால் வந்த படபடப்பு, காபி குடித்ததால் வந்த துடிப்பு. அதை மனம் "இதோ மாரடைப்பு" என்று படிக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது. ஏறியதைப் பார்த்து "பார்த்தாயா, உண்மைதான்" என்கிறது மனம். மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. அதுவும் ஆதாரத்தோடு சேர்ந்துவிடுகிறது. பழைய ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் இதை ஒரு வட்டமாக வரைந்து பார்த்தேன். மெட்ரோவில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

வட்டம் புரிந்தது. ஆனால் புரிந்ததால் பயம் போகவில்லை. அப்போ இந்த சிகிச்சையும் அப்படித்தானே இருக்கும்? இந்தக் கேள்வியோடுதான் பெரம்பூரில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்தைப் பார்க்கப் போனேன். சிகிச்சைக்காகப் போகவில்லை, கேள்வி கேட்கத்தான் போனேன். துணிப்பையை மேசை மேல் வைத்து, "ஆதாரம் கேட்பீங்கன்னு சொன்னாங்க, கொண்டு வந்திருக்கேன்" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான். அவர் பையைத் தொடவே இல்லை.

"இது உங்க இதயம் நல்லா இருக்குன்னு சொல்லுது. நான் நம்புறேன். உங்க பயம் என்ன சொல்லுது?"

"இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு நடக்கும்னு."

"அதுக்கு எந்த ஈசிஜி பதில் சொல்லும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து அவர் கேட்டது: "படபடப்பு வந்து, ஈசிஜி எடுக்காம, நாடி பார்க்காம, தண்ணி குடிக்காம, வண்டியை விட்டு இறங்காம, அதுவா அடங்குற வரைக்கும் சும்மா இருந்து பார்த்திருக்கீங்களா?"

ஒரு தடவைகூட இல்லை. நான் என்னென்ன செய்கிறேன் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத, அந்தப் பட்டியலைப் பார்க்க எனக்கே அதிசயமாக இருந்தது. பர்ஸில் எப்போதும் டிஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை), மாரடைப்பு வந்தால் போட. ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட். மூன்றாவது மாடியிலிருக்கும் சித்தி வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு மாடியிலும் நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணுவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டான்லி. எங்கே நின்றாலும் அங்கிருந்து ஸ்டான்லிக்கு எவ்வளவு நேரம் என்று என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடும். டோல்கேட்டிலிருந்து இவ்வளவு, திருவொற்றியூர் தேரடியிலிருந்து இவ்வளவு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் இவ்வளவு கூட. எண்ணூர் தாண்டினால் கணக்கு உதைக்கும், அதனால் எண்ணூர் தாண்டுவதில்லை. பொன்னேரியில் அண்ணியின் தங்கை கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. கெட்ட பெயர்தான்.

இதையெல்லாம் பாதுகாப்பு நடவடிக்கைகள் என்கிறார்கள். இவைதான் பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்று பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் 1991-ல் எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பெருமை டிஸ்பிரினுக்கும் ஓரத்து சீட்டுக்கும் போய்விடுகிறது. "ஒன்றும் ஆகாது" என்பதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை, "இந்தத் தடவை தப்பித்தேன்" என்பதைத்தான் மறுபடி மறுபடி கற்றிருக்கிறேன். ஈசிஜியும் அந்த வகைதான். சொறிந்தால் சுகம், அப்புறம் அரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

மேடம் சொன்னதில் எனக்கு உறைத்தது டிரெட்மில் விஷயம். டெஸ்ட்டின்போது என் துடிப்பு 170 வரைக்கும் ஏறியது. மெட்ரோவில் ஏறியதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் துளிகூடப் பயமில்லை, பக்கத்தில் டாக்டர் நின்றாரே! அப்படியானால் என்னைப் பயமுறுத்துவது துடிப்பு இல்லை. ஒரே துடிப்பு ஓர் இடத்தில் உடற்பயிற்சி, இன்னோர் இடத்தில் மரணம். இத்தனை டெஸ்ட் எடுத்தும் இந்த ஒரு முடிவை நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

சிபிடியில் ஆதாரம் என்றால் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுவது இல்லையாம். முதலில் என்ன நடக்கும் என்று நான் நினைப்பதை எழுத வேண்டும்: "சித்தி வீட்டுக்கு நிற்காமல் ஏறினால் நெஞ்சு அடைத்து விழுந்துவிடுவேன்." அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று ஓர் எண் போட வேண்டும். அப்புறம் நாடி பார்க்காமல் ஏற வேண்டும். என்ன நடந்தது என்று எழுத வேண்டும். ஈசிஜி என் இதயத்தைச் சோதிக்கிறது, இது என் கணிப்பைச் சோதிக்கிறது. அங்கேயே ஒரு சாம்பிளும் காட்டினார். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்தது, தலை லேசானது, நெஞ்சு அடித்தது. சுரங்கத்துக்குள் வந்த அதே உணர்வு, பெரம்பூரில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது. தண்ணீர் கேட்டேன், கொடுக்கவில்லை. அடங்கிவிட்டது. சுழல் நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது என்று இதில் இன்னும் பல வகை உண்டாம். கேட்கவே வயிற்றைக் கலக்கியது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய். நைஸ் சொல்லும் கணக்கு, பேனிக்குக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம், வாரம் ஒன்றிரண்டு மணி நேரமாக நான்கு மாதத்துக்குள். பெருக்கிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் நான் பார்த்த கூட்டத்தில் வாராவாரம் ஒரே ஆளிடம் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று சந்தேகம். பணமே முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். முழு சிகிச்சை அதில் நடக்காது, ஆனால் அடுத்து எங்கே போவது என்று வழி கேட்கலாம்.

யாரிடம் போகிறோம் என்பதும் முக்கியம். கவுன்சலிங் என்று போர்டு போட்டவர்கள் எல்லாரும் சிபிடி தெரிந்தவர்கள் இல்லை. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் பதிவு எண்ணைக் காட்டினார். "வீட்டுப்பாடம் உண்டா?" என்றும் கேட்டேன். உண்டு, அதுதான் பாதி சிகிச்சை என்றார். வீட்டுப்பாடமே இல்லை, பேசிக்கொண்டே இருக்கலாம் என்று யாராவது சொன்னால் அது வேறு ஏதோ நல்ல விஷயமாக இருக்கலாம், சிபிடி இல்லை.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. நைனா போன துக்கத்தைச் சதவீதம் போட்டு எழுத முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். மேடமும் மறுக்கவில்லை. துக்கம் நோய் இல்லை, அதைச் சரிசெய்ய நான் வரவில்லை, பயத்துக்கு மட்டும்தான் இது என்று பேசிக்கொண்டோம். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். பாதி தூரம் போனதும் நின்று கணக்குப் பார்ப்போம், தேறவில்லை என்றால் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம் என்பது ஏற்பாடு.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "காசு கொடுத்து மாடி ஏறப் போறியா?" என்றார். கேட்க அப்படித்தான் இருக்கிறது. ஆச்சரியம், அத்தை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் பையனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சென்டரில் அந்தப் பெண்ணிடம், இனிமேல் நான் கேட்டாலும் பட்டனை அழுத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அழுத மாதிரி கேட்டால் என்ன செய்ய என்கிறாள், அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் பொன்னேரியில் அண்ணியின் தங்கைக்கு வளைகாப்பு. வருகிறேன் என்று அண்ணிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பர்ஸில் டிஸ்பிரின் இருக்கலாமா கூடாதா என்பதில்தான் எனக்கும் மேடத்துக்கும் இன்னும் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது.